முதலாளி வீட்டுச் சீனியும் சோழபுரத்துப் பருத்தியும்

பருத்திக் கமிஷன் கடைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களுக்கு இதைச் சொல்கிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தேடி வந்து, "விலை வெளிய போகாம இருக்கணும், எந்த ஊருப் பூட்டு நல்ல பூட்டு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ராஜபாளையத்துக்கு ரயில் கிடையாது. பருத்தி அடைத்த தாட்டு மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சாத்தூர் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது தூத்துக்குடிக்குப் போகும். தூத்துக்குடியில் விலை ஏறப் போகிறதா இறங்கப் போகிறதா என்று அங்கே இருந்த எங்கள் ஏஜண்டு தந்தி அடிப்பார். அந்தத் தந்தி ஸ்ரீவில்லிபுத்தூர் தந்தி ஆபீஸுக்கு வரும். அதை வாங்கிக்கொண்டு மட்டக்குதிரையில் ராஜபாளையம் வந்து சேர்வது முத்தையாவின் வேலை. வந்த தந்தியைப் படித்து அர்த்தம் சொல்வது என் வேலை. ஏறும் என்று தெரிந்தால் மறுநாள் விடியலில் எங்கள் தரகர்கள் சோழபுரத்துக்கும் ஆலங்குளத்துப் பக்கமும் போய், பருத்தி போடும் சம்சாரிகளிடம் முன்பணம் கொடுத்துப் பருத்தியைப் பேசி முடிப்பார்கள். முந்திப் போனவனுக்குப் பருத்தி, பிந்திப் போனவனுக்கு வெறும் மோர். தொழில் அவ்வளவுதான்.

முத்தையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார், நிமிர்த்திக்கொண்டுதான் சாப்பிடுவார். குதிரையை விட்டு இறங்கியதும் முதலாளி முன்னால் குதிகாலைச் சேர்த்து ஒரு நிற்பு நிற்பார். அதைப் பார்ப்பதற்கென்றே பஜாரில் நாலு பேர் கூடுவார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அவர் தேவதானத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, நான் பள்ளிவாசல் தெருக்காரன். உறவுக்கு அதெல்லாம் குறுக்கே வந்ததில்லை.

தந்தியில் விலையை அப்படியே எழுத முடியாது. வழியில் எத்தனை பேர் கையில் படுகிறது! அதனால் நாங்களாகச் சில சொற்களை வைத்துக்கொண்டோம். "கல்யாணம் நிச்சயம்" என்றால் விலை ஏறும், வாங்கு. "காய்ச்சல்" என்றால் இறங்கும், கையைக் கட்டிக்கொள். இது ஒரு பருவம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் தந்தி மாஸ்டர் முத்தையாவிடம், "உங்க மொதலாளி வீட்ல வாரத்துக்கு ஒரு கல்யாணம் நடக்குதே, ஒரு வேளைச் சோத்துக்காவது கூப்பிடப்படாதா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே சொற்களை மாற்றினோம். மறைத்து வைக்கும் சொல் யாரும் திரும்பிப் பார்க்காத சொல்லாக இருக்க வேண்டும் என்பது அன்று தெரிந்தது.

முதலாளியின் ஜாக்கிரதை உலகம் அறிந்தது. சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பருத்தியிலும் அதே வழக்கம்தான். எங்கள் முதலாளி ஒரு படி மேலே. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவரும் மட்டும் இருக்கும்போதுகூட என் மடியில் துண்டை விரித்து, அதற்குள் என் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார். சுவரில் இருக்கும் பல்லியை நம்பாத மனிதர். படித்த தந்தியைச் சாம்பிராணிச் சட்டியில் போட்டு எரித்துவிட்டு, சாம்பலையும் கிளறிவிடுவார். அந்தப் புகை வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அந்த அறையை இடித்து மாடி கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது வீட்டில் ஒரு சாவு நடந்ததுபோல இருந்தது.

இத்தனை காவல் இருந்தும் ஒரு மாசி மாதத்தில் விலை வெளியே போக ஆரம்பித்தது. எங்கள் தரகர்கள் விடியலில் சோழபுரம் போனால், வடக்குத் தெருக் கடையின் ஆட்கள் முந்தின மாலையே வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வடக்குத் தெருக் கடை எங்களுக்குப் போட்டிக் கடை. அதன் முதலாளி வீடு எங்கள் முதலாளி வீட்டுக்குப் பின்பக்கம். முதல் தடவை தற்செயல் என்றோம். இரண்டாம் தடவை அவருக்கு அதிர்ஷ்டம் என்றோம். மூன்றாம் தடவை முதலாளி முத்தையாவைப் பார்த்த பார்வையே மாறியது.

அடுத்த முறை தந்தியோடு வந்து முத்தையா குதிகாலைச் சேர்த்து நின்றதும், முதலாளி கடை ஆட்களைப் பார்த்து, "இவன சோதிச்சுப் பாருங்கலே" என்றார்.

கடை முழுக்க ஆட்கள். தாட்டு தைப்பவர்கள் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முத்தையா இரண்டு கைகளையும் தோளுக்கு நேராகத் தூக்கி நின்றார். தலைப்பாகையை அவிழ்த்தார்கள், இடுப்பைத் தடவினார்கள், சட்டையை உதறினார்கள். வெற்றிலைப் பை ஒன்று விழுந்தது. தூக்கிய கை நடுங்கவே இல்லை. 

"கையில இல்லைன்னா வாயில வச்சிருப்பான்" என்றார் முதலாளி. "இன்னொரு வாட்டி சேதி போச்சுன்னா இவன நிறுத்திருவேன். எதுக்கு நிறுத்துனேன்னு பஜாரு பூரா சொல்லுவேன்."

அது வெறும் வேலை போகிற பேச்சு அல்ல. சேதியை விற்றவன் என்று பஜாரில் பெயர் விழுந்தால் அப்புறம் எந்தக் கடைக்காரரும் வாசலில் நிற்கவிட மாட்டார். முத்தையாவின் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனாரும் பஜார் ஆள்தான். அன்று சாயங்காலம் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே முத்தையா என்னிடம், "மாப்ளே, அவிய என் கழுத்த அறுத்தாலும் தாங்கிக்கிடுவேன். எம்மவளுக்குத் தெரிஞ்சா நான் எங்க போய் நிக்க?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

முத்தையா செய்திருக்க மாட்டார் என்று என் மனசு சொன்னது. ஆனால் தம்பிமார்களே, மனசு சொல்வதைக் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைக்க முடியாது. அதனால் ஒரு காரியம் செய்தேன். முதலாளியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, நானே சாத்தூர் போய் ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போனேன். ஏஜண்டைத் தனியே அழைத்து, பழைய சொற்களை விட்டுப் புதிய சொற்களை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்குத் திரும்பியதும் முதலாளியிடம் சொன்னேன்.

"இந்தத் தடவ தந்தி வாங்க நான் போறேன். முத்தையா மாமா அன்னைக்குப் பூராவும் உங்க கண்ணு முன்னால உக்காந்திருக்கட்டும்."

அப்படியே நடந்தது. தந்தி வந்தது. நான் வாங்கி வந்தேன். வாங்கு என்று செய்தி. முத்தையா காலையிலிருந்து அந்தியாகும் வரை தாட்டுகளுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் எங்கள் தரகர் சோழபுரத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து, "முந்திக்கிட்டான் மொதலாளி" என்றார்.

முதலாளி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். "தந்தி ஆபீஸ்ல அவனுக்கு ஆளு இருக்கான். அதான் இங்க உக்காந்துக்கிட்டே வேலைய முடிச்சிட்டான். நாளைக்கு அவன நிறுத்தப் போறேன்" என்றார்.

அந்த நேரத்தில் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்திருந்தால் என் தலை தப்பியிருக்கும். நான் பேசாமல் இருந்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் எனக்குக் கணக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"புதுச் சொல்லு தந்தி ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது மொதலாளி. முத்தையா மாமாவுக்கும் தெரியாது. ஏஜண்டு தூத்துக்குடில இருக்காரு, அவரு வடக்குத் தெருவுக்குச் சொல்லணும்னா அவரும் தந்திதான் அடிக்கணும். வேற யாருக்கும் அன்னைக்குத் தந்தி வரல, நான் ஆபீஸ் வாசல்லயேதான் நின்னேன். மிஞ்சுறது நீங்களும் நானுந்தான்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீயா காதரு?"

"நானாக்கூட இருக்கலாம். முத்தையா மாமா இல்ல."

எப்படி அந்தப் பேச்சு என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. "அடுத்த தந்தி வரட்டும். அதுக்குள்ள நீ கண்டுபிடி. இல்லைன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றார். நான் வெளியே வந்து குடம் தண்ணீரைக் குடித்தேன்.

அதுவரை நான் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் திருடனா, அவன் திருடனா என்று ஒவ்வொரு முகமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த தந்தி வந்த அன்று அதை விட்டுவிட்டேன். செய்தி எங்கெங்கே கால் வைக்கிறது என்று மட்டும் பார்ப்போம் என்று தீர்மானித்தேன். உச்சிவேளையில் தந்தி வந்தது. படித்தேன். வாங்கு. துண்டுக்குள் விரல் பிடித்தோம். சாம்பிராணிச் சட்டியில் தாள் எரிந்தது. முதலாளி சாம்பலைக் கிளறினார். பிறகு கதவைத் திறந்து வேலையாளைக் கூப்பிட்டு, எப்போதும் போல, "வீட்டுல சொல்லிரு" என்றார். வேலையாள் போனான்.

எப்போதும் போல! எத்தனை தடவை அந்த வார்த்தையை என் காதால் கேட்டிருக்கிறேன். அது அவர் சாப்பிட வருவதற்கான சேதி என்றே இருந்துவிட்டேன். அன்று ஏதோ தோன்றி, வேலையாளின் பின்னாலேயே முதலாளி வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில், துஆ ஓதுகிற லெப்பை வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பெரிய தாம்பாளம் நிறையச் சீனி. பாத்திஹா ஓதி முடிந்திருந்தது. முதலாளிக்கு ஒரு நேர்ச்சை, அதாவது வேண்டுதல், உண்டு. பெரிய கொள்முதல் செய்யத் தீர்மானித்தால், அன்றைக்கே தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியா பெயரில் சீனி ஓதி அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். அது இல்லாமல் அவர் ஒரு தாட்டுப் பருத்தி வாங்க மாட்டார். அந்தச் சீனி என் வீட்டுக்கும் வரும். என் பிள்ளைகள் நக்கித் தின்றிருக்கிறார்கள். நானும் தின்றிருக்கிறேன். கொள்முதலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றியதே இல்லை.

வேலைக்காரி சின்னச் சின்னத் தட்டுகளில் சீனியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து முதலாளியம்மாவின் குரல் கேட்டது.

"முந்தி வடக்குத் தெரு வீட்டுக்குக் கொண்டுட்டுப் போ. போன வாட்டி பிந்திப் போச்சுன்னு அவிய ஆள விட்டுக் கேட்டாகல்லா? தட்ட வெறுந்தட்டா வாங்கிட்டு வராத, கற்கண்டு தருவாக."

பிந்திப் போனதற்கு ஆள் விட்டுக் கேட்கிறாராம்!  தட்டோடு வேலைக்காரி வாசல்படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ஓதிய சீனியை மறிப்பதா? நான் மறித்தேன்.

"செத்த நேரம் பொறுங்கம்மா. இந்தத் தட்டு போகப்படாது."

"ஓதுன சீனிய ஏன் தம்பி தடுக்கிய?" என்று முதலாளியம்மா உள்ளிருந்து கேட்டார்.

நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தந்தி வருவது, வாங்கத் தீர்மானிப்பது, சீனி போவது, அன்று மாலையே வடக்குத் தெரு வண்டி சோழபுரத்துக்குப் போவது.  கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா மெல்லக் கேட்டார். "அப்ப இம்புட்டு நாளும் நாமளே தட்டுல வச்சுச் சேதி அனுப்பிருக்கமா? அந்தக் கற்கண்ட நானும் தின்னுருக்கேனே!" அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திணறியது குரலிலேயே தெரிந்தது.

ஆள் அனுப்பி முதலாளியை வரவழைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. "என் நேர்ச்சையக் குத்தம் சொல்லுதியா காதரு?"

"நேர்ச்சையச் சொல்லல மொதலாளி. நேரத்தச் சொல்லுதேன்."

நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை. அம்மாதான் குறுக்கே வந்தார். "சீனி நாளைக்குப் போனா கெட்டா போகும்? தரகரு சோழபுரம் போய்த் திரும்புன பொறவு தட்ட அனுப்புவோம். அவரு சொல்றது பொய்யின்னா அதுலயே தெரிஞ்சிரும்லா?"

மறுநாள் தரகர் திரும்பி வந்தார். சோழபுரத்துப் பருத்தி முழுக்க எங்களுடையது. வடக்குத் தெருவிலிருந்து ஒரு மாடுகூட அந்தப் பக்கம் வரவில்லையாம். கடையில் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். முதலாளி மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல்லிக்குக்கூடத் தெரியாமல் மறைத்ததைத் தன் வீட்டுத் தட்டிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறோமே என்று அவருக்கு மானக்கேடு.

மானக்கேடு ஆறியதும் ஆசை வந்தது. அன்று மாலை வீட்டில் வைத்து, கண்ணெல்லாம் மின்ன, "காதரு, இனிமே எறங்கும்னு தந்தி வருதுல்லா, அன்னைக்குச் சீனி அனுப்புவோம். அவன் ஓடிப் போய் வாங்கித் தொலையட்டும்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது தித்தித்தது. வடக்குத் தெருக்காரர் வாங்கி வைத்த பருத்தியைக் கட்டிக்கொண்டு அழுவதை மனசுக்குள் பார்த்தேன்.

கதவுக்குப் பின்னால் இருந்து அம்மாவின் குரல் இந்த முறை உறுதியாக வந்தது. "அவுலியா பேரச் சொல்லி ஓதுன சீனில பொய்யக் கலக்காதிய. அவிய பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாக, நம்ம பேரக் கெடுக்கலையே? வெள்ளிக்கெழம தோறும் சீனி ஓதுவோம். ஏறுனாலும் குடுப்போம், எறங்குனாலும் குடுப்போம். நல்லது வந்தாத்தான் குடுக்கணும்னு யாரு சொன்னா?"

என் வேலைக்காலம் முழுவதும் அதைவிடப் பெரிய யோசனையை நான் யாரிடமும் கேட்டதில்லை. வாரா வாரம் சீனி போனது. வடக்குத் தெருக்காரர் இரண்டு வெள்ளிக்கிழமை சோழபுரத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். அப்புறம் சீனியை வெறும் சீனியாகத் தின்னக் கற்றுக்கொண்டார். கற்கண்டு மட்டும் தவறாமல் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த வருஷங்களில் வெள்ளிக்கிழமை என்றாலே நாக்கில் எச்சில் ஊறும். தம்பிமார்களே, மறைக்க முடியாத ஒன்றை என்றைக்கும் ஒரே மாதிரி செய்துவிட்டால் அது யாருக்கும் எதையும் சொல்லாது. நீங்கள் பூட்டு வாங்குவதற்கு முன்னால், உங்கள் கடையில் நல்ல சேதி வந்த அன்று மட்டும் நடப்பது என்னவென்று பாருங்கள். அன்று மட்டும் முதலாளி பாட்டு முணுமுணுக்கிறாரா, அன்று மட்டும் அதிகமாக வண்டிக்குச் சொல்கிறீர்களா என்று பாருங்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் முத்தையாவின் காரியம் இருக்கிறதே.

முதலாளி அவரைக் கூப்பிட்டு, "தப்பு எம்மேலதான் முத்தையா" என்றார். முத்தையா, "சரிங்க மொதலாளி" என்றார். மறுநாள் தந்தியோடு வந்தார். குதிகாலைச் சேர்த்து நின்றார். தந்தியைக் கொடுத்தார். கொடுத்ததும் இரண்டு கைகளையும் தோளுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் முத்தையா, கைய எறக்கு" என்றார் முதலாளி. முத்தையா இறக்கவில்லை. யாரும் சோதிக்கவில்லை என்று தெரிந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக இறக்கிவிட்டுப் போனார். அடுத்த தந்திக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். முகத்தில் கோபம் இல்லை, வார்த்தையில் குறை இல்லை. மகள் கல்யாணத்துக்கு முதலாளி வீட்டிலிருந்து போன சீரை மரியாதையாக வாங்கிக்கொண்டார். கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த அன்றும் கையைத் தூக்கினார். தந்தி வருகிற நாள் என்றாலே முதலாளிக்குச் சோறு இறங்காது. 

பருவம் முடியும் சமயம். கடை நிறைய ஆட்கள். முத்தையா வந்தார், கொடுத்தார், தூக்கினார். முதலாளி மெத்தையிலிருந்து எழுந்தார். தடித்த உடம்பு, எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, தாட்டுகளுக்கு நடுவே நடந்து வந்து, முத்தையாவுக்கு எதிரே நின்றார். தன்னுடைய இரண்டு கைகளையும் தோளுக்கு நேராகத் தூக்கினார்.

"சேதிய வெளிய விட்டது நான். என்னையச் சோதி."

 இரண்டு பேரும் கையைத் தூக்கியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்தையாவின் கை எப்போதும் போல அசையாமல் இருந்தது. முதலாளியின் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் வேர்வை வழிந்தது. அவர் இறக்கவில்லை.

முத்தையா முதலில் தன் கைகளை இறக்கினார். முன்னால் வந்து முதலாளியின் சட்டைப் பையைத் தொட்டார். விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"அகப்பட்டுக்கிட்டிய மொதலாளி. சீனி வாசம் அடிக்குது."

முதலாளி சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார். முத்தையா அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.